தசமபாகமும் பிஎஃப் பிடித்தமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு மல்கியா 3:10 வாசிக்கப்படும்: ‘தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்.’ பண்டசாலை என்றால் சபை, தசமபாகம் என்றால் மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதம், அதுவும் பிஎஃப் பிடிப்பதற்கு முன்புள்ள தொகையில் என்று போதகர் விளக்குகிறார். ஆதிச்சபையும் இப்படித்தான் கொடுத்ததாம். யூதர்கள் கொடுத்தது 10 அல்ல, 23 சதவீதம் என்கிறார் ஒரு நண்பர். உண்மையில் என்னதான் கொடுத்தார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிஎஃப் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். முதலில் அந்த 23.

நண்பர் காற்றில் சொல்லவில்லை. ஆண்டுதோறும் இரண்டு தசமபாகம், மூன்று ஆண்டுக்கொருமுறை விதவைகளுக்கும் அநாதைகளுக்குமாக மூன்றாவது ஒன்று என்று முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேஃபஸ் எழுதியிருக்கிறார். 10, 10, ஆண்டுச் சராசரியாக 3.3. ஆனால் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவில் ஏழைகளின் பங்கு கூடுதலாக வருவதில்லை. இரண்டாவது தசமபாகத்துக்குப் பதிலாக வருகிறது. போதாக்குறைக்கு ஏழாம் ஆண்டு நிலம் தரிசு. அந்த ஆண்டுக்குத் தசமபாகமே கிடையாது. 23 என்று சொல்பவர்கள் இதைக் கழிப்பதில்லை.

மிஷ்னாவின் முறையைக் களத்துமேட்டில் வைத்துப் பார்த்தால் புரியும். 1000 படி கோதுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். தூற்றிக் குவித்து, குவியலைத் தட்டிச் சமன்செய்ததும் கடமை தொடங்குகிறது. அதற்கு முன்பு, அறுக்கும் கூலியாள் வேலையினூடே தின்றது கணக்கில் வராது. முதலில் ஆசாரியருக்குத் தெரூமா என்ற காணிக்கைப் பங்கு. தோராவில், அதாவது மோசேயின் ஐந்து நூல்களில், இதற்கு அளவு சொல்லப்படவில்லை. தாராளமானவன் 40இல் ஒரு பங்கு, நடுத்தரமானவன் 50இல் ஒன்று, கஞ்சன் 60இல் ஒன்று என்று ரபிகள் என்ற யூத மத அறிஞர்கள் வகுத்தார்கள். (கஞ்சனுக்கும் ஓர் இடம் போட்டு வைத்ததுதான் நடைமுறை அறிவு.) நடுத்தரமாகவே எடுப்போம்: 20 படி போக 980. இதில் பத்தில் ஒன்று, 98 படி, ஆலயப் பணி செய்யும் லேவியருக்கு. லேவியரும் தமக்கு வந்ததில் பத்தில் ஒன்றை, 9.8 படியை, ஆசாரியருக்குக் கொடுத்தாக வேண்டும். விவசாயியிடம் மீதி 882. இதில் பத்தில் ஒன்றான 88.2 படிதான் இரண்டாவது தசமபாகம்.

இது யாருக்கு? ஏழாண்டுச் சுற்றின் 1, 2, 4, 5ஆம் ஆண்டுகளில் விவசாயிக்கேதான். எருசலேமுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சாப்பிட வேண்டும். தூரம் அதிகமென்றால் காசாக்கி எடுத்துப்போய், அங்கே ஆடு, மாடு, திராட்சரசம், மதுபானம் என்று மனம் விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம். உபாகமம் 14:26. மேடைகளில் அதிகம் கேட்காத வசனம். 3, 6ஆம் ஆண்டுகளில் அதே 88.2 படி ஏழைகளுக்கு. ஆக 1000 படியில் கையைவிட்டுப் போவது நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு 118 படி, இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 206.2 படி. வயலோரத்தில் ஏழைகளுக்காக அறுக்காமல் விடும் பங்கு, குறைந்தது 60இல் ஒன்று, இதில் சேராது. அது களத்துக்கே வருவதில்லை.

தெரூமாவைக் கண்மதிப்பாக எடுக்க வேண்டும், அளக்கக் கூடாது. தசமபாகத்தை அளந்துதான் எடுக்க வேண்டும். கூடக் கொடுத்தால் புண்ணியம்தானே என்று 98க்குப் பதில் 110 படி அளந்து போட்டால் தவறு. விவசாயியின் மீதி தானியத்துக்குக் குறையில்லை; கெடுவது லேவியரின் பங்கு. கூடுதலாகப் போன 12 படி தசமபாகமே அல்ல, இன்னும் பங்கு பிரிக்காத தானியம். அதை யாரும் உண்ணக் கூடாது. அது இப்போது மற்ற 98 படியோடு கலந்து கிடக்கிறது! ‘பத்துக்கு மேலே கொடுங்கள், ஆசீர்வாதமும் மேலே வரும்’ என்ற பேச்சு அந்தக் களத்தில் எடுபட்டிருக்காது.

இத்தனையும் நிலத்தின் விளைச்சல், அதுவும் இஸ்ரவேல் மண்ணில் விளைந்தது. இதற்கு வெளியே ஆடுமாடுகளுக்கு மட்டும் தனி விதி: கோலின்கீழ் நடத்தி, பத்தாவதாக வருவதைச் சிவப்புச் சாயத்தால் குறிப்பார்கள். கலிலேயா மீனவனின் வலைக்கும் தச்சனின் கூலிக்கும் தோராவில் தசமபாகம் கிடையாது. பண வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தர்மத்துக்கு ஒதுக்கும் யூத வழக்கம் பிற்காலத்தில் வேரூன்றியது. லூக்கா 18இல் வரும் பரிசேயன் ‘என் சம்பாத்தியத்திலெல்லாம்’ கொடுப்பதாகச் சொல்வது, கடமைக்கு மேலே செய்ததைச் சொல்லும் பெருமை. மத்தேயு 23:23இல் இயேசு சொல்வதும் தோட்டத்துச் செடிகளைத்தான். நம் வேதாகமத்தில் ‘ஒற்தலாம், வெந்தயம், சீரகம்’ என்றிருக்கிறது. கிரேக்கத்தில் முதலாவது புதினா, இரண்டாவது சதகுப்பை. சதகுப்பையில் விதைக்கு மட்டுமா, இலைக்கும் காய்க்கும் சேர்த்தா தசமபாகம் என்று மிஷ்னாவில் ஒரு வாதமே நடக்கிறது.

பண்டசாலையும் உருவகம் அல்ல. தானியமும் எண்ணெயும் வைக்கும் ஆலய அறை. நெகேமியா 13இல் அந்த அறையைக் காலிசெய்து தொபியா என்பவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். தங்கள் பங்கு வராததால் லேவியர் ஆலய வேலையை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள். நெகேமியா தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்து, தசமபாகத்தை மறுபடி வரவைத்து, பங்கிட்டுக் கொடுக்கப் பொறுப்பாளர்களையும் நியமித்தார். மல்கியாவின் வசனத்தை இந்த அறையை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

இனி ஆதிச்சபை. எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் பணம் திரட்டியபோது கொரிந்தியருக்கு எழுதிய இரண்டு கடிதங்களிலும் ‘தசமபாகம்’ என்ற சொல்லே இல்லை. வாரத்தின் முதல்நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைக்கட்டும் என்கிறார், அவ்வளவே. 155 வாக்கில் ரோமில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தின் சொல்வதும் இதுதான்: வசதியுள்ளவர்கள் விருப்பப்படி கொடுப்பார்கள், தலைவர் அதை அநாதை, விதவை, நோயாளி, கைதி, வெளியூர்க்காரருக்குச் செலவிடுவார். 197 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் மாதத்துக்கு ஒருமுறை சிறு தொகை என்கிறார். முடிந்தால், விரும்பினால் மட்டும். ஏழையின் அடக்கச் செலவு முதல் கப்பல் உடைந்தவர், சுரங்கத்தில் தண்டனைக்குள்ளானவர் வரை அவருடைய பட்டியல் நீள்கிறது. 251 வாக்கில் ரோமச் சபை 1500க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் பராமரித்தது.

தசமபாகம் கட்டாயமானது மெல்ல மெல்லத்தான். 585இல் பிரான்சின் மாக்கோனில் கூடிய ஆயர்கள் சங்கம் கொடுக்காதவர்களைச் சபைநீக்கம் செய்வோம் என்றது. 779இல் பிராங்க் அரசர் சார்லமேன் அதை நாட்டுச் சட்டமாக்கினார். உங்கள் போதகர் ஆதிச்சபை என்று சொல்வது இந்தப் பிற்காலச் சபையை.

பிஎஃப் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நூற்றாண்டின் முடிவையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த ‘டிடாக்கே’ என்ற கையேடு, திராட்சரசத்திலும் தானியத்திலும் மந்தையிலும் முதற்பலனைத் தீர்க்கதரிசிகளுக்குக் கொடுக்கச் சொல்கிறது. ஊரில் தீர்க்கதரிசி இல்லையென்றால் ஏழைகளுக்கு. பணத்துக்கும் துணிக்கும் வரும்போது அளவைக் கொடுப்பவரிடமே விட்டுவிடுகிறது: உனக்குச் சரியென்று தோன்றுகிறபடி எடுத்துக் கொடு. பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்பதையும் நீங்களேதான் முடிவுசெய்ய வேண்டும். அதே கையேட்டில் இரண்டு அத்தியாயம் முன்னால் இன்னொரு விதியும் உண்டு: வந்து தங்கிய அப்போஸ்தலன் புறப்படும்போது ரொட்டி மட்டும் வாங்கிப் போகலாம், பணம் கேட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி.