பெட்டிக்குள் ஒரு பூனை, ஒரு எலி, ஒரு துண்டு தர்பூசணி

கேள்வி: ஏழு வயது மகனோடு உட்கார்ந்து ஒரு டாம் அண்ட் ஜெர்ரி பார்த்தேன். பொம்மை செட் மாதிரி ஒரு பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்து பூனையையும் எலியையும் எடுக்கிறார்கள். படம் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது, சத்தமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. யாரோ செய்த போலிதானே இது? மகனோ அதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறான். ரசிக்க இதில் என்ன இருக்கிறது?
- மேட்டூரிலிருந்து ஒரு அப்பா

பதில்: போலி இல்லை சார், டாம் அண்ட் ஜெர்ரியை எடுத்த ஹாலிவுட் கம்பெனியான எம்.ஜி.எம்.மின் அசல் சரக்குதான். 1962-இல் வந்த 'டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூன் கிட்'. போலியாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம், அசல் என்பதால்தான் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

நீங்களும் நானும் விழுந்து விழுந்து சிரித்த பழைய படங்கள், இந்த ஜோடியை உருவாக்கிய இயக்குநர்கள் ஹன்னாவும் பார்பெராவும் 1940-இல் தொடங்கியவை, ஏழு ஆஸ்கர் வாங்கியவை. 1957-இல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் கூடத்தை இழுத்து மூடியது. சில வருடம் கழித்துப் புதுப் படம் வேண்டும், அதுவும் சல்லிசாக வேண்டும் என்று ஆள் தேடியபோது கிடைத்தவர் ஜீன் டைச். அமெரிக்கர், ஆனால் வேலை பார்த்தது செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரத்தில். கத்துக்குட்டி என்று நினைக்காதீர்கள், அவர் இயக்கிய ஒரு குறும்படத்துக்கும் 1961-இல் ஆஸ்கர் கிடைத்தது. படம் ஒன்றுக்கு 10,000 டாலர்தான் பட்ஜெட் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மொத்தம் 13 படங்கள். கம்யூனிஸ்ட் நாட்டில் செய்தது என்று தெரியக்கூடாதாம், அதனால் டைட்டிலில் செக் பெயர்களுக்கெல்லாம் அமெரிக்கச் சாயம் பூசினார்கள். இசையமைத்த ஷ்டெபான் கொனிச்செக் அங்கே ஸ்டீவன் ஆகிவிட்டார். நீங்கள் தேடுகிற போலி அந்தப் பெயர்களில் வேண்டுமானால் இருக்கிறது.

சரி, படம் ஏன் சப்பென்று இருக்கிறது? பட்ஜெட்டின் மேல் மட்டும் பழியைப் போட நான் தயாரில்லை. பழைய படங்களில் சுத்தியல் டாமின் தலையில் விழுவதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கும். அவன் அதைப் பார்ப்பான், விழப்போகிறது என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும், அந்த ஒரு நொடியில்தான் சிரிப்பு கிளம்பும், அடி விழுந்ததும் ஹன்னாவே தன் தொண்டையில் போட்ட அந்த அலறல் அதை முடித்து வைக்கும். இந்தப் படத்தில் அடி விழுகிறது, அவ்வளவுதான். அப்புறம் வீடு. டாம் அண்ட் ஜெர்ரியில் பாதி நடிப்பு வீட்டுச் சாமான்களுடையது: எலிப்பொறி, ஃபிரிட்ஜ், பியானோ, சுவரோரத்துப் பொந்து. எலி திருட வருகிறது, பூனை காவல் இருக்கிறது, தோற்றால் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார்கள் என்கிற பயம் பூனைக்கு. இங்கே சண்டை போடக் காரணமே கிடையாது. பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார்கள், அடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இதைக் கண்டுபிடித்துவிட்டதாக நானும் நீங்களும் காலரைத் தூக்கிக்கொள்ள முடியாது, ஏனென்றால் படமே அதைத்தான் சொல்கிறது! ஆரம்பத்தில் வரும் குரலைக் கவனித்தீர்களா? இந்தப் பெட்டி இருந்தால் யார் வேண்டுமானாலும் கார்ட்டூன் தொழிலில் காசு பார்க்கலாம் என்கிறது. உள்ளே மட்டமான, முட்டாள் பூனை ஒன்று, செல்லமான எலி ஒன்று, கொலை ஆயுதங்கள் சில. காபியும் சிகரெட்டும்கூட இருக்கிறது, அது படம் வரைகிறவருக்கு என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். கிடைக்கிற படத்துக்கு அர்த்தம் இல்லாமல் போகலாம், ஆனால் தியேட்டரில் மெயின் படம் தொடங்குமுன் நீங்கள் சீட்டில் வசதியாக உட்கார அந்த நேரம் போதும் என்று வேறு சொல்கிறது. டாம் அண்ட் ஜெர்ரியில் காரணமில்லாத அடிதடி அதிகம் என்று நினைத்தவர் டைச். பிடிக்காத வேலை கையில் வந்து விழுந்ததும் அதையே நக்கலடித்து ஒரு படம் எடுத்துவிட்டார். அந்த முதல் நிமிடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், எழுத்தில் அதற்கு இணையான டாம் அண்ட் ஜெர்ரி குறைவு என்றுகூடச் சொல்வேன்.

கோளாறு அதற்குப் பிறகுதான். குரல் ஓய்ந்ததும் நக்கலடித்த அதே அடிதடியைப் படம் தானே நடத்திக் காட்ட வேண்டியிருக்கிறது. டாம் தர்பூசணி விதையைத் துப்புகிறான், ஜெர்ரி புத்தகம் பார்த்து ஜூடோ கற்றுக்கொண்டு அவனைப் புரட்டிப் புரட்டி எறிகிறான். ஜூடோ நல்ல யோசனைதான், சின்ன உருவம் பெரிய உருவத்தை அதன் எடையை வைத்தே சாய்க்கிற வித்தை, இந்த இரண்டு பேருக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. அதில்கூட ஒவ்வொரு எறிதலும் ஒரே மாதிரி முடிகிறது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரைக் கிண்டல் செய்கிறவர், கரண்டியைக் கையில் கொடுத்தால் அதைவிட நன்றாக வைத்துக் காட்ட வேண்டாமா? கடைசியில் குரல் திரும்பி வந்து, எங்கள் அடுத்த படம் குட்டிப் பிள்ளைகளுக்கு, ஒரு புது விஷ வாயுவைச் செய்து காட்டுவோம் என்று விடைபெறும்போதுதான் படத்துக்கு மறுபடி உயிர் வருகிறது. நான் சிரித்தேன். உங்கள் மகன் சிரித்திருக்க மாட்டான், அது அவனுக்கு எழுதியது இல்லை.

கிணற்றுச் சத்தம் விஷயத்தில் நான் உங்கள் கட்சி இல்லை. அந்த ஒலிகளைச் செய்தவர் டாட் டாக்ஸ்டேடர், மின்னணு இசையில் முன்னோடிகளில் ஒருவர் என்று இன்றைக்கும் மதிக்கப்படுகிறவர். ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், டப் டுப் என்று இல்லாமல் ஏதோ வேற்றுக் கிரகத்தில் பாத்திரம் உருளுகிற மாதிரி இருக்கும். படத்தோடு ஒட்டவில்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். மட்டம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மகனுக்கு ஏன் பிடித்தது என்பதில் ஒன்றும் மர்மமில்லை. பெட்டி. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பதை எந்தக் குழந்தை வேண்டாம் என்றது? பார்க்கட்டும், விடுங்கள். இதே 13 படங்களில் மூன்றில் ஒரு தடித்த எஜமான் வந்து, கோபம் தலைக்கேறி டாமைப் போட்டு அடிப்பான். அங்கே சிரிப்பும் இல்லை, நக்கலும் இல்லை, வயிற்றைப் பிசைகிறது. அவற்றை வேண்டுமானால் தாண்டிப் போங்கள்.

இன்னொன்று, இதைத் தர்பூசணி சீசனில் போடாதீர்கள். விதை துப்புகிற காட்சியை அவன் வீட்டில் செய்து பார்க்காமல் விடமாட்டான், சுவரைத் துடைக்கப்போவது நீங்கள்தான்.