மாட்டுவாலும் லிங்கன் சென்டரும்: செஃப் க்வாமே ஒன்வாச்சி பத்தி கேட்டீங்க, சொல்றேன்

கரீபியன் சாப்பாட்டை ஃபைன் டைனிங்குக்கு கொண்டு வந்தவங்கள்ல க்வாமே ஒன்வாச்சி பத்தி தான் நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் ஏழு வருஷம் கரீபியன் ரூட் கப்பல்ல குக், அதுக்கப்புறம் நாலு வருஷம் புரூக்ளின்ல ஒரு ஜமைக்கன் கிச்சன்ல. அதனால இது எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம்.

கேட்டரிங் படிக்கிறேன். அண்ணா, அவர் வசதியான வீட்டுப் பையனா? எப்படி ஆரம்பிச்சார்?

இல்ல தம்பி. நியூயார்க் பிராங்க்ஸ்ல வளர்ந்தவர், அம்மா வீட்டுல இருந்தே கேட்டரிங் பண்ணி பிள்ளைங்கள வளர்த்தாங்க, குடும்பத்துல ஜமைக்கா, டிரினிடாட், லூசியானா, அப்பா வழில நைஜீரியான்னு எல்லாம் இருக்கு. சேட்டை தாங்க முடியாம பத்து வயசு வாக்குல நைஜீரியால தாத்தா கிட்ட அனுப்பிட்டாங்க, ரெண்டு வருஷம் அங்க தான். 2010ல மெக்சிகோ வளைகுடால எண்ணெய் கொட்டுச்சுல்ல, அத சுத்தம் பண்ண போன கப்பல்ல சமையல் வேலை பார்த்தார். அப்புறம் நியூயார்க் சப்வேல மிட்டாய் வித்து 20,000 டாலர் சேர்த்து சொந்தமா கேட்டரிங் ஆரம்பிச்சார். அதுக்குப் பிறகு தான் கலினரி இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெரிக்கால படிப்பு, பெர் சே, இலெவன் மேடிசன் பார்க்னு பெரிய கிச்சன் எல்லாம்.

முதல் ரெஸ்டாரன்ட்ட சீக்கிரமே மூடிட்டாராமே, ஏன் சார்?

ஷா பிஜூ, வாஷிங்டன்ல. 2016 நவம்பர்ல திறந்தாங்க, டேஸ்டிங் மெனு (செஃப் தேர்ந்தெடுத்து வரிசையா குட்டி குட்டி தட்டா தர்ற சாப்பாடு) 185 டாலர், 2017 ஜனவரில மூடியாச்சு. ஊரு இன்னும் ருசி பார்க்கலை, அதுக்குள்ள விலை தான் பேச்சா போச்சு. ஆனா அதே வருஷம் அக்டோபர்ல அதே ஊர்ல கித்/கின்னு இன்னொன்னு திறந்து ஆட்டுக்கறி, ரொட்டி, ஜொலோஃப் சாதம் (மேற்கு ஆப்பிரிக்க தக்காளி சாதம்)னு வீட்டு சாப்பாட்டையே மெனுல வச்சார், 2019ல அமெரிக்க சமையல் உலகத்தோட பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட்ல ரைசிங் ஸ்டார் விருது வந்துச்சு. அது ஹோட்டலுக்குள்ள இருந்த இடம், அவருக்கு சொந்தமில்ல, சொந்தமா ஒரு இடம் வேணும்னு 2020 ஜூலைல விலகிட்டார். விருது வாங்கின மறுவருஷமே அப்படி எழுந்து போறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு கிச்சன்ல இருக்கறவங்களுக்கு தெரியும்.

அவரோட டாட்டியானா ரெஸ்டாரன்ட்ல அப்படி என்ன ஸ்பெஷல்? மாட்டுவால் குழம்பு எல்லா ஜமைக்கன் கடைலயும் கிடைக்குதே?

கிடைக்குது. அதனால தான் எனக்கு அவர் மேல அவ்வளவு மரியாதை. 2022 நவம்பர்ல நியூயார்க்கோட பெரிய இசை, நாடக அரங்கமான லிங்கன் சென்டர்ல திறந்தார், அக்கா பேர வச்சு. 1950கள்ல அந்த இடத்துல இருந்த சான் ஹுவான் ஹில்ங்கிற கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மக்களோட குடியிருப்ப இடிச்சுட்டு தான் லிங்கன் சென்டரையே கட்டினாங்க. அந்த மண்ணுல ரைஸ் அண்ட் பீஸும் (தேங்காப்பால்ல ராஜ்மா போட்டு செய்ற சோறு) மாட்டுவாலும் போய் உக்காந்துச்சு. 2023லயும் 2024லயும் நியூயார்க் டைம்ஸோட 100 பெஸ்ட் ரெஸ்டாரன்ட் லிஸ்ட்ல முதல் இடம் அதுக்கு தான்.

நான் முன்னாடி இருந்த ஒரு ஹோட்டல்ல (பேர் வேண்டாம்) மாட்டுவால எலும்ப எடுத்துட்டு கறிய மட்டும் மோல்டுல அழுத்தி வட்டமா வைக்கச் சொன்னாங்க. ஜமைக்கால பிறந்த ஒரு அம்மா சாப்பிட வந்தவங்க தட்ட பார்த்துட்டு "எலும்பு எங்கப்பா?"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் சொல்ல வாய் வரல. க்வாமே எலும்போட வைக்கிறார். கூட கேரட், சௌசௌ. ஜமைக்காக்காரங்களும் அத "சோ சோ"ன்னு தான் சொல்லுவாங்க, முதல் தடவ கிங்ஸ்டன் மார்க்கெட்ல கேட்டப்ப சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

கரீபியன்காரங்களோட கறி பவுடர் நம்ம ஊர்ல இருந்து போனதா?

ஒப்பந்தக் கூலிகளோட போனது. ஜமைக்கா, டிரினிடாட் ரெண்டுக்கும் முதல் கப்பல் 1845ல. பெரும்பாலும் போஜ்பூரி பக்கத்து ஜனங்க, தமிழங்களும் உண்டு. பிரெஞ்சு தீவான மார்டினிக்குக்கு 1853ல இருந்து பாண்டிச்சேரி, காரைக்கால் வழியா நம்மாளுங்க நிறைய போனாங்க, அங்க "கொலம்போ"ன்னு ஒரு மசாலாப் பொடி இருக்கு, மல்லி, சீரகம், கடுகு, வெந்தயத்தோட வறுத்த அரிசியும் சேர்த்து அரைப்பாங்க. மூக்குகிட்ட கொண்டு போனீங்கன்னா யாரும் உங்களுக்கு சொல்லித் தர வேண்டாம்.

பெண் செஃப் யாரும் இல்லையா அண்ணா?

ஏன் இல்லம்மா, நீனா காம்ப்டன் இருக்காங்க. செயின்ட் லூசியாக்காரங்க, நியூ ஆர்லியன்ஸ்ல 2015ல காம்பேர் லாபின் திறந்தாங்க, 2018ல தென் மாநிலங்களுக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது. ஆட்டுக்கறியோட சர்க்கரைவள்ளிக்கிழங்கு நியோக்கி வைப்பாங்க, நியோக்கின்னா இத்தாலிக்காரங்க செய்ற குட்டி உருண்டை.

வீட்டுல முதல்ல எத செஞ்சு பார்க்கலாம்?

ரைஸ் அண்ட் பீஸ். ராஜ்மாவ ராத்திரி ஊறவச்சு, தேங்காப்பால்ல பூண்டு, வெங்காயத்தாள், தைம் போட்டு வேகவிடுங்க, ஆல்ஸ்பைஸ் நாலஞ்சு (பார்க்க பெரிய மிளகு மாதிரி, வாசனை கிராம்பும் பட்டையும் சேர்ந்த மாதிரி). ராஜ்மா வெந்ததும் அரிசிய போட்டு மேல முழு ஸ்காட்ச் பானெட் மிளகாய் (கரீபியன்ல போடற ரொம்ப காரமான மிளகாய்) ஒண்ணு, காம்போட, கீறாம. கிளறாதீங்க, கரண்டி அதுல படவே கூடாது, ஆவிலயே அதோட மணம் மட்டும் சோத்துல இறங்கும். இறக்கின உடனே காம்ப புடிச்சு தூக்கிடுங்க.