மூன்றே மாத்திரை உள்ள அட்டை

கேள்வி: என் கணவருக்கு வயது 54. மூன்று நாளாக மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, வறட்டு இருமல். காய்ச்சல் இல்லை. பக்கத்து மருந்துக் கடையில் அசித்ரோமைசின் 500 கொடுத்தார்கள். போன வருஷமும் இந்த மூன்று மாத்திரையில்தான் சரியானது. இதயத் துடிப்புக்காக அமியோடரோன் சாப்பிடுகிறார். கொடுக்கலாமா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் அமியோடரோன்தான் எனக்கு முதல் கவலை. அதுவும் அசித்ரோமைசினும் இ.சி.ஜி.யில் 'க்யூ.டி.' என்று நாங்கள் அளக்கும் இடைவெளியை நீட்டக்கூடியவை. இரண்டும் சேர்ந்தால் துடிப்பு தாறுமாறாகலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்தால் வீட்டில் சமாளிக்க முடியாது. ஏற்கெனவே ஒன்று போட்டுவிட்டாரா? அத்தோடு நிறுத்திவிட்டு இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். அமியோடரோனை நீங்களாக நிறுத்த வேண்டாம். படபடப்போ மயக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், இது வைரஸ் சளி போலத்தான் தெரிகிறது. பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ளும் இடத்தை அடைப்பதுதான் அசித்ரோமைசினின் வேலை. வைரஸிடம் அப்படி ஒரு இடமே கிடையாது. போன வருஷம் சளி தானாக இறங்கியிருக்கும், பெயர் மாத்திரைக்குப் போயிருக்கும்.

'மூன்றே மாத்திரை' என்பதால் இதை லேசான மருந்து என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது ரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் போய்த் தங்கிவிடும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் பல நாள் உள்ளே இருக்கும், அதனால்தான் எண்ணிக்கை குறைவு. மெல்ல வடியும் அந்தக் கொஞ்ச மருந்தில் பிழைத்துக்கொள்ளும் கிருமிகள் எதிர்ப்பைப் பழகிக்கொள்வதும் உண்டு.

தேவையான இடத்தில் இது அருமையான மருந்து. மைக்கோபிளாஸ்மா நிமோனியா, கக்குவான் இருமல், பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு வரும் ஸ்ட்ரெப் தொண்டை அழற்சி ஆகியவற்றுக்கு எழுதுகிறோம். டைபாய்டில் சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இங்கே பெரும்பாலும் எடுபடாமல் போனதால் இதைத்தான் தேடுகிறோம். ஆனால் அதற்கு ஒரு வாரம் வரை கொடுக்க வேண்டும். மூன்று மாத்திரையில் காய்ச்சல் தணிந்த மாதிரி இருந்து திரும்ப வரும்.

உங்கள் பக்கத்திலும் காணப்படும் ஸ்கிரப் டைபஸ், அதாவது சிறு பூச்சி கடித்து வரும் பாக்டீரியா காய்ச்சல், இந்த மருந்து உதவும் இன்னொன்று. மழைக்காலத்தில் காய்ச்சலோடு வருபவரிடம் நான் கையைத் தூக்கச் சொல்வேன். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடியில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். பூச்சி கடித்த இடம் அது. வலிக்காது, அதனால் அவருக்கே தெரிந்திருக்காது. வழக்கமாக டாக்சிசைக்ளின் கொடுப்போம், கர்ப்பிணி என்றால் அசித்ரோமைசின்.

உங்கள் கணவருக்கு இப்போதைக்கு உப்பு வெந்நீரில் கொப்பளிப்பும் ஓய்வும் போதும். மூக்கடைப்புக்கான கலப்புச் சளி மாத்திரைகளையும் தவிருங்கள், அவையும் துடிப்பைக் கூட்டலாம். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தாலும், பத்து நாளில் தணியாவிட்டாலும் நேரில் காட்டுங்கள். போகும்போது அமியோடரோன் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.