எஸ்பிஐ டிரைவர் தானாக லோட் ஆகாததற்குக் காரணம்

வணக்கம் நண்பரே. லினக்ஸில் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் உள்ள வன்பொருளை கெர்னலுக்கு விவரிக்கும் தரவு) சென்சாரைச் சேர்த்தாயிற்று, கையால் மோட்ப்ரோப் (டிரைவர் மாட்யூலை ஏற்றும் கட்டளை) கொடுத்தால் ப்ரோப் (டிரைவர் டிவைஸைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷன்) ஓடுகிறது, ரீபூட் செய்தால் மட்டும் மாட்யூல் தானாக வருவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். எஸ்பிஐ (சிப்புகளை இணைக்கும் சீரியல் பஸ்) டிரைவர் எழுதும் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

டிவைஸ் பதிவாகும்போது கெர்னல் ஒரு மோட்அலியாஸ் சரத்தை (எந்த மாட்யூல் வேண்டும் என்று தேட உதவும் அடையாளம்) யூடெவ்வுக்கு (புதிய டிவைஸ்களைக் கவனிக்கும் பின்னணி நிரல்) அனுப்பும். டெப்மோட் கட்டளை உருவாக்கிய மாட்யூல்ஸ்.அலியாஸ் கோப்பில் அதற்குப் பொருத்தம் இருந்தால்தான் மாட்யூல் ஏறும். நீங்கள் ஓஎஃப் அட்டவணை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள், அதாவது கம்பேட்டிபிள் பெயர்களின் (டிவைஸ் ட்ரீயில் 'நிறுவனம்,சிப்' என்று எழுதுவது) பட்டியல். ஆனால் டிவைஸ் ட்ரீயிலிருந்து வந்த டிவைஸுக்கும் எஸ்பிஐ கோர் 'எஸ்பிஐ:' என்று தொடங்கும் சரத்தைத்தான் அனுப்புகிறது. சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) உங்கள் டிவைஸின் அடைவில் உள்ள மோட்அலியாஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். அப்புறம் மோட்இன்ஃபோ கட்டளை உங்கள் மாட்யூலுக்குக் காட்டும் அலியாஸ் வரிகளைப் பாருங்கள். அங்கே 'ஓஎஃப்:' மட்டும்தான் இருக்கும். இரண்டும் ஒட்டவே ஒட்டாது. ப்ரோப் மட்டும் ஓடுவது ஏனென்றால், டிரைவர் ஏறிய பிறகு நடக்கும் பொருத்தத்துக்கு கம்பேட்டிபிள் போதும்.

சரி, எஸ்பிஐ_டிவைஸ்_ஐடி அட்டவணை ஒன்றையும் எழுதுங்கள். பெயராக, கம்பேட்டிபிளில் காற்புள்ளிக்குப் பின் வரும் பகுதியைக் கொடுங்கள். கடைசியில் வெற்று உறுப்பு கட்டாயம் வேண்டும். இதற்கும் தனியாக ஒரு மாட்யூல்_டிவைஸ்_டேபிள் வரி (அட்டவணையை அலியாஸ்களாக்கும் மேக்ரோ) தேவை. டிரைவர் ஸ்ட்ரக்ட்டில் ஐடி_டேபிளையும் நிரப்புங்கள். மாட்யூல்_அலியாஸ் ஒரு வரி போட்டாலும் வேலை நடக்கும்தான், ஆனால் அட்டவணையே ஒழுங்கான வழி. புதிய கெர்னல்களில் இந்த அட்டவணை இல்லையென்றால் டிமெசெக்கில் (கெர்னல் செய்திப் பதிவு) எச்சரிக்கையே வரும்.

மாட்யூலைக் கையால் நகலெடுத்து வைப்பவராக இருந்தால் டெப்மோட் ஓட்ட மறக்காதீர்கள். அதன் பிறகும் வரவில்லை என்றால் அந்த மோட்அலியாஸ் வரியை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.