நாலு மணி என்றால் எப்போது?

அன்புள்ள சார்,

தான்சானியாவில், தார் எஸ் ஸலாம் நகரின் தென்பகுதியில், ம்பகாலாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் தன்னார்வலராகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. போன வாரம் கூட வேலைபார்க்கும் ஆசிரியை, ஊரைச் சுற்றிக்காட்டுகிறேன், நாலு மணிக்குப் படகுத்துறைக்கு வா என்றார். சுவாஹிலியில்தான் பேசினோம், எண்கள் எனக்கு அத்துபடி. கரெண்ட் இல்லாமல் அன்று போன் செத்துக் கிடந்தது. ஆனாலும் சரியாக நாலு மணிக்குப் போய் ஐந்தரை வரை நின்றேன். ஆளைக் காணோம். மறுநாள் முகம்கொடுத்துப் பேசவும் இல்லை. அன்பான மக்கள், வறுமையிலும் சிரிக்கிறார்கள், ஆனால் நேர உணர்வு மட்டும் கிடையாது. இனி தனியாகவே சுற்றலாம் என்றிருக்கிறேன். எங்கெல்லாம் போகலாம்? தனியாக நடப்பது ஆபத்தா? சேவை செய்யப் போன இடத்தில் ஊர் சுற்றுவது உறுத்தலாகவும் இருக்கிறது.

நிவேதா

அன்புள்ள நிவேதா,

உறுத்தலைத் தூக்கிப் போடுங்கள். வாரம் முழுக்கக் கரும்பலகை முன்னால் நின்றவர் ஒருநாள் ஊர் சுற்றினால் யார் குடியும் முழுகாது. ஆபத்து, எந்தப் பெரிய நகரத்திலும் இருப்பதுதான். பையைச் சாலைப் பக்கம் தொங்கவிடாதீர்கள், இருட்டியபின் கடற்கரையில் தனியாகத் திரியாதீர்கள்.

இப்போது அந்த நாலு மணிக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று பழைய ஜாதகக் கட்டு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். என் தாத்தாவுடையது. பிறந்த நேரம் ‘உதயாதி நாழிகை 10’ என்று எழுதியிருக்கிறது. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஆகவே சூரியன் உதித்து நாலு மணி நேரம். காலை பத்து மணி வாக்கில் பிறந்திருக்கிறார்.

உங்கள் தோழி சொன்னதும் அதே நேரம்தான்! சுவாஹிலி பேசும் கடற்கரை முழுக்க நேரத்தை விடியலிலிருந்துதான் எண்ணுகிறார்கள். நம் ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, உச்சிவேளை ஆறு மணி, பொழுது சாய்ந்தபின் வரும் ஏழு மறுபடியும் இரவு ஒரு மணி. கைக்கடிகாரம் பத்து காட்டும், பார்த்தவர் வாய் ‘ஸா ன்னே’, அதாவது நாலு மணி என்று சொல்லும். எத்தியோப்பியாவிலும் இப்படித்தான். இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. தார் எஸ் ஸலாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைக்குள் இருக்கிறது. அங்கே வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் விடியும், எண்ணத் தொடங்க அதைவிட உறுதியான இடம் கிடையாது. லண்டன்காரனால் இது முடியாது, அவனுக்குக் கோடையில் ஐந்துக்கு முன்பே வெளுத்துவிடும், குளிர்காலத்தில் எட்டாகும்.

அந்த அம்மாள் காலை பத்து மணிக்குப் படகுத்துறையில் வந்து நின்றிருப்பார். உங்களுக்குப் போன் போட்டுப் பார்த்திருப்பார், வெயில் ஏற ஏறக் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். நீங்கள் ஆறு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றுவிட்டு, நேர உணர்வு இல்லை என்று ஓர் ஊருக்கே சான்றிதழ் கொடுக்கிறீர்கள். நீங்கள் கணக்கு டீச்சர் வேறு! உங்கள் வகுப்புப் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆறைக் கழித்தோ கூட்டியோ சொல்கிறார்கள். ஒருநாளாவது அவர்களிடம் மணி என்ன என்று கேட்டிருக்கிறீர்களா?

நேர உணர்வு பற்றி இவ்வளவு நீட்டக் காரணம் இருக்கிறது. கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்போடு கிளம்புகிறவருக்கு எதிரில் இருப்பவரிடம் இல்லாதவைதான் முதலில் கண்ணில் படும். ஏதாவது ஒன்று பொருந்தவில்லையா, சரி, இதுவும் இவர்களிடம் இல்லை என்று அதே பட்டியலில் சேர்த்துவிடலாம். நம்மிடம் ஏதாவது குறைகிறதா என்று பார்க்கத் தோன்றாது. விடுமுறை நாளின் பயனே இதுதான். அன்று உங்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. தாலாதாலா என்ற சிற்றுந்தில் இடித்துக்கொண்டு நிற்கும் இன்னொரு பயணி நீங்கள், நடத்துனருக்கு உங்கள் சேவை பற்றி ஒரு அக்கறையும் கிடையாது. ‘வறுமையிலும் சிரிக்கிறார்கள்’ என்ற வரியை இனி எங்கும் எழுதாதீர்கள். சிரிப்பு வந்தால் சிரிக்கிறார்கள்.

எங்கே போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். கிவுக்கோனி மீன்சந்தைக்கு விடிந்து ஒரு மணிக்குள், அவர்கள் கணக்கில் சொல்கிறேன், போய்விடுங்கள். அக்கரையில் இருக்கும் கிகம்போனிக்கு 2016இலேயே பாலம் வந்துவிட்டது, நீங்கள் படகிலேயே போங்கள். கிசுட்டு பக்கம் குஜராத்திகளின் கோயில்கள் இருக்கின்றன. 1971இல் வாடகைக்கு விட்டிருந்த பெரிய கட்டிடங்களை அரசு எடுத்துக்கொண்டபோது அவற்றின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர், பலர் அதோடு நாட்டைவிட்டே போனார்கள். அதைத் தெரிந்துகொண்டு அந்தத் தெருக்களில் நடங்கள். சாயங்காலம் கோக்கோ கடற்கரையில் பொரித்த மரவள்ளிக்கிழங்கு, மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்டு. வயதில் மூத்தவரிடம் வழி கேட்கும் முன் ‘ஷிகமோ’ என்று வணக்கம் சொல்லுங்கள், ‘மரஹபா’ என்று பதில் வந்தபின் கேளுங்கள்.

இதெல்லாம் அடுத்த ஞாயிறு. அதற்கு முன், நாளைக்குப் பள்ளிக்கூடம் போனதும் அந்த ஆசிரியையிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். மறுபடி கூப்பிட்டால் போங்கள். கூப்பிடாவிட்டாலும் அவர்மேல் தப்பில்லை.