ஹற்றனில் இருந்து பரந்தனுக்கு: ஏசி வாங்க முதல் கூரையைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, நான் ஹற்றனில் பிறந்து வளர்ந்தவள். கணவருக்குச் சொந்த ஊர் பரந்தன். பங்குனியோடு பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அங்கேயே குடிபோகிறோம். வீடு இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டியது, ஓட்டுக்கூரை, சீலிங் அடிக்கவில்லை. நாங்கள் நாலு பேரும் படுக்கப்போகும் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, மேற்குச் சுவரில் பின்னேர வெயில் அடிக்கும். ஹோலில் 18,000 பி.ரி.யு ஏசி ஒன்று போட்டால் வீடு முழுக்கக் குளிரும் என்று கடையில் சொல்கிறார்கள். மாமி ஏர் கூலர் காணும் என்கிறா. கொழும்பில் சித்தப்பா தன்னுடைய பழைய ஏசியைத் தருகிறேன் என்கிறார். ஏசி இல்லாமலே மாதம் 80 யூனிட் வரும் என்று கணவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். எதை வாங்குவது?

பதில்: தங்கச்சி, ஹோலுக்கு வேண்டாம். படுக்கை அறைக்கு மட்டும் 12,000 பி.ரி.யு (ஏசி எவ்வளவு குளிராக்கும் என்பதன் அளவு) இன்வேர்ட்டர் ஏசி ஒன்று காணும். ஆனால் அதை வாங்க முதல் அந்த அறைக்குச் சீலிங் அடியுங்கள். காசு இரண்டில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் இந்த வருடம் சீலிங், அடுத்த வருடம் ஏசி. கடைக்காரர் இந்த வரிசையைச் சொல்லமாட்டார், அவர் சீலிங் விற்பதில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வன்னியில் ஏசி போட்டும் குளிரவில்லை என்று கூப்பிடும் வீடுகளில் பாதிக்கு மேல் மெஷினில் பிழை இருப்பதில்லை. உங்கள் மாதிரி வீட்டை எனக்குத் தெரியும். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் சலாகையும் ஓடும் தெரியும், ஓட்டுக்கு இடையில் ஊசி ஊசியாக வெளிச்சம் வரும். அறைக்கும் ஹோலுக்கும் நடுவில் இருக்கிற சுவர் பல வீடுகளில் கூரை வரைக்கும் போயிருக்காது, வளைமட்டத்தோடு நின்றுவிடும். யன்னலுக்கு மேலே காற்று வரட்டும் என்று ஓட்டைக்கல் வைத்திருப்பார்கள். ஏசி இல்லாத வீட்டுக்கு இதெல்லாம் நல்ல வேலைதான், சூடான காற்று மேலே ஏறி ஓட்டிடுக்கால் போய்விடும். அதே அறையில் ஏசி போட்டால் குளிர்காற்று சுவருக்கு மேலால் வழிந்து ஹோலுக்குப் போகும், ஓட்டைக்கல்லால் வெளியே போகும், வெளிப்பெட்டிக்குள் வாயுவை அழுத்துகிற கொம்பிரசர் விடியும் வரைக்கும் ஓயாமல் ஓடும். அப்போது 12,000 போட்டாலும் காணாது, 24,000 போட்டாலும் காணாது.

மற்றது வெயில். ஹற்றன் கடல்மட்டத்தில் இருந்து 1,200 மீற்றருக்கு மேலே, பரந்தன் கிட்டத்தட்டக் கடல்மட்டத்திலேயே கிடக்கிறது. அந்த உயர வித்தியாசத்தால் மட்டுமே எட்டுப் பாகை அளவு சூடு கூடும். அதோடு ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் வன்னிக்கு நேர் மேலே வரும், ஓகஸ்ட் கடைசியில் திரும்பவும் வரும். நடு மத்தியானம் சுவரில் படாத வெயில் முழுக்கக் கூரையில் இறங்கும். மத்தியானம் காய்ந்த ஓடு இரவு ஒன்பது, பத்து மணி வரைக்கும் கீழே சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் படுக்கிற நேரமும் அதுதான்.

சீலிங்கை அறையின் நாலு சுவரோடும் இடைவெளி இல்லாமல் முட்ட அடிக்க வேண்டும். பிவிசி பலகை என்றால் மேலே அலுமினியத் தாள் ஒட்டிய கண்ணாடிப் பஞ்சு விரியுங்கள், தாள் பக்கம் மேலே கூரை ஓடுகளைப் பார்த்தபடி இருக்கட்டும், ஓட்டுக்கும் தாளுக்கும் நடுவில் காற்று நிற்க இடம் விடுங்கள், ஓட்டோடு ஒட்டிவிட்டால் தாளால் பிரயோசனம் இல்லை. சீலிங்குக்கு மேலே சேரும் சூடு வெளியேற வழி இருக்க வேண்டும், அதனால் கூரை முகட்டுப் பக்கத்து ஓட்டைகளை அடைக்காதீர்கள், அறைக்குள் திறக்கிற ஓட்டைக்கல்லை மட்டும் அடையுங்கள். அணில், எலி புகாமல் இருக்கக் கூரை ஓரத்துக்குக் கம்பிவலை போடச் சொல்லுங்கள், பஞ்சைப் பிய்த்துக் கூடு கட்டுவதில் வன்னி அணில்கள் கெட்டிக்காரர்கள். கதவுக்குக் கீழே இருக்கிற இடுக்குக்கு ஒரு ரப்பர் பட்டி. மேற்குச் சுவருக்கு வெளியே கிடுகிலோ பச்சை வலையிலோ ஒரு பத்தி இறக்கினால் பின்னேர வெயில் சுவரில் படாது, நாளைக்கு ஒரு வேம்பும் வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகு ஒரு கிழமை வெறும் ஃபானோடு படுத்துப் பாருங்கள், சில குடும்பங்கள் அந்தக் கிழமையிலேயே ஏசி வாங்கும் யோசனையைத் தள்ளி வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, மலைநாட்டில் இருந்து வந்தவுடன் முதல் இரண்டு கிழமை எல்லோருக்குமே தாங்க ஏலாது. உடம்பு வெக்கைக்குப் பழக ஏழு நாளில் இருந்து பதினாலு நாள் வரை எடுக்கும். வியர்வை முந்தியே வரத் தொடங்கும், வியர்வையில் போகிற உப்பும் குறையும். அந்த இரண்டு கிழமைக்குள் பதறிப்போய்க் கடைக்கு ஓடினால் தேவைக்கு மேல் பெரிய மெஷின்தான் வாங்குவீர்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் அடிக்கடி கொடுங்கள், பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வெளியே விளையாட விடாதீர்கள்.

சரி, அளவு எப்படி 12,000 என்று வந்தது? உங்கள் அறை 120 சதுர அடி. சீலிங் அடித்த அறைக்கு எங்கள் வெயிலில் சதுர அடிக்கு 70 பி.ரி.யு வைத்தால் 8,400. இந்தக் கணக்கில் இரண்டு பேர் அடக்கம், மேலதிகமாகப் படுக்கிற இரண்டு பேருக்கு ஆளுக்கு 600. மேற்குச் சுவருக்குப் பத்து வீதம் கூட்டினால் 10,500 அளவில் வரும். 9,000 கொஞ்சம் இழுக்கும், 12,000 சரி. ரொன் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், ஒரு ரொன் என்பது இதே 12,000 தான். 18,000 எடுத்தால் இன்னும் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதிலும் இன்வேர்ட்டர் இல்லாத சாதாரண ஏசி என்றால் சின்ன அறையைப் பத்து நிமிடத்தில் குளிராக்கிவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரம் கிடைக்காது, உடம்பு குளிர்ந்தும் பிசுபிசுப்புப் போகாது.

இன்வேர்ட்டர் ஏன் என்றால், சாதாரண ஏசியின் கொம்பிரசர் முழு வேகத்தில் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். இன்வேர்ட்டர் அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். இரவு முழுக்கப் போடுகிற வீட்டுக்கு விலை வித்தியாசம் பில்லில் திரும்பி வந்துவிடும். தொடங்கும்போது இழுக்கிற கரண்டும் குறைவு, ஊர் லைனில் இருக்கிற உங்களுக்கு அது பெரிய விஷயம்.

பில்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 12,000 இன்வேர்ட்டர் முழுதாக ஓடும்போது மணிக்கு ஒரு யூனிட் அளவில் எடுக்கும், அறை குளிர்ந்த பிறகு அதில் பாதி அல்லது இன்னும் குறைவு. எட்டு மணித்தியாலம் போட்டால் நாலு, ஐந்து யூனிட். மாதம் 120 முதல் 150. உங்கள் 80 யூனிட்டோடு சேர்த்தால் 200 முதல் 230 வரை வரும். மின்சார சபையின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது, 60-ஐத் தாண்டியதும் ஒரு விலை, பிறகு 90, 120, 180 என்று படிகள் போகும். 180-க்கு மேல் போகிற யூனிட்டுக்குத்தான் ஆக உயர்ந்த விலை, மாதாந்த நிலைக் கட்டணமும் அங்கே கூடும். ஆகவே உங்கள் குறி 180-க்குள் நிற்பது. வழி இதுதான்: 26 பாகையில் வையுங்கள், கூடவே ஃபானை மெதுவாகச் சுழல விடுங்கள், படுக்கப் போகும்போது போட்டு நாலு மணிக்கு நிற்கிற மாதிரி ரைமர் வையுங்கள், விடியப்புறம் வெளிக்காற்றே சுகமாக இருக்கும், யன்னலைத் திறக்கலாம். இப்படிச் செய்தால் ஒரு இரவுக்கு மூன்று யூனிட் சொச்சத்தோடு முடியும். மாரி தொடங்கி ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் பல நாள் அதைத் தொடவே தேவை வராது. 18 பாகையில் வைத்தால் கெதியாகக் குளிரும் என்பது பிழையான நம்பிக்கை, குளிரும் வேகம் அதே வேகம்தான், நிற்க மறந்து ஓடுவதுதான் மிச்சம்.

கடையில் பெட்டியைப் பார்க்கும்போது இஇஆர் அல்லது சிஎஸ்பிஎப் என்று ஒரு எண் இருக்கும், எடுக்கிற ஒரு வாற்றுக்கு எத்தனை வாற்றுக் குளிர் தருகிறது என்பது அது. இரண்டாவது எண் முழுப் பருவத்துக்குமான கணக்கு, இன்வேர்ட்டர்களை ஒப்பிட அதுதான் நல்லது. கூடின எண் நல்லது. ஒரே வகை எண்ணை ஒப்பிடுங்கள், ஒன்றில் இஇஆரையும் மற்றதில் சிஎஸ்பிஎப்பையும் வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே சுற்றிக் குளிராக்குகிற வாயு ஆர்-32 ஆக இருக்கட்டும். குழாயும் கொயிலும் செம்பாக இருக்கட்டும், வெளிப்பெட்டியின் தகடுகளுக்குப் பூச்சு இருக்க வேண்டும், ஆனையிறவு உங்களுக்குக் கிட்ட, வாடைக் காலத்தில் உப்புக் காற்று வரும். வொரன்றியில் கொம்பிரசருக்கு எத்தனை வருடம் என்று மட்டும் பார்க்காமல் உள்ளே இருக்கிற எலெக்ட்ரோனிக் போர்டுக்கு எத்தனை வருடம் என்றும், கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ ஆள் அனுப்புவார்களா என்றும் கேளுங்கள். இன்வேர்ட்டரில் முதலில் போவது பெரும்பாலும் அந்தப் போர்டுதான், எறும்பும் பல்லியும் புகுந்து கருகிப்போன போர்டுகளை நான் நிறையக் கழற்றியிருக்கிறேன்.

வாங்க முதல் ஒரு பின்னேரம் வயரிங் செய்பவரைக் கூப்பிட்டு, இரவு ஏழு எட்டு மணிக்கு, ஊரில் எல்லோரும் லைட்டும் மோட்டரும் போட்டிருக்கிற நேரம் மீற்றரை வைத்து வோல்ற்றேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 230 வோல்ற் வர வேண்டும், ஆறு வீதம் கூடிக் குறையலாம், அதாவது 216-க்குக் கீழே போகக்கூடாது. 200-க்குக் கீழே இறங்குகிறது என்றால் முதலில் மின்சார சபை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், ஸ்ரெபிலைசர் பிறகு. ஏசிக்கு பிரேக்கர் பெட்டியில் இருந்து தனி லைன் இழுக்க வேண்டும், 7/0.67 வயர் காணும், தூரம் கூட என்றால் 7/0.85. பழைய 5 அம்பியர் பிளக்கில் அடாப்டர் வைத்துக் குத்தவே கூடாது. எர்த் கம்பியையும் சோதிக்கச் சொல்லுங்கள், ஆடி ஆவணியில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும்போது எர்த் வேலை செய்யாமல் போகும், ட்ரிப் சுவிட்ச் இருப்பதும் அவசியம். சித்திரை இடி மின்னலுக்கும் ஐப்பசி இடி மின்னலுக்கும் ஏசிக்குப் போகிற கரண்டை முழுதாக வெட்டுகிற ஐசொலேற்றர் சுவிட்சை நிறுத்திவிடுங்கள், ரிமோட்டில் நிறுத்தினால் போதாது.

பூட்ட வருகிறவரிடம் ஒன்று மட்டும் கண்ணால் பாருங்கள்: குழாய் இணைத்த பிறகு வெக்கியூம் பம்ப் வைத்து இருபது நிமிடமாவது காற்றையும் ஈரத்தையும் இழுக்கிறாரா என்று. சிலர் பம்ப் கொண்டுவராமல் கொஞ்ச வாயுவைத் திறந்து காற்றைத் தள்ளிவிட்டு முடிப்பார்கள். ஈரம் உள்ளே நின்றால் கொம்பிரசரின் ஆயுள் குறையும், அதோடு ஆர்-32 இலேசாகத் தீப்பிடிக்கக்கூடிய வாயு. பம்ப் இல்லை என்றால் நாளைக்கு வரச் சொல்லுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். வெளிப்பெட்டியை மேற்குச் சுவரில் வைக்க விடாதீர்கள், வடக்கு அல்லது கிழக்கு நல்லது, விறாந்தைக்குள்ளேயும் வேண்டாம், கக்கிய சூட்டைத் திரும்ப அதுவே இழுக்கும். வடிகிற தண்ணீர்க் குழாயை மிளகாய்க் கன்றுப் பக்கம் விடலாம், தேங்கி நுளம்பு பெருகாமல் இருந்தால் சரி.

வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கழற்றித் தண்ணீரில் கழுவுங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களிலும், வயல் வெட்டி அடிக்கிற நாட்களிலும் கிழமைக்கு ஒருக்கால். கிரவல் ரோட்டுப் புழுதியும் நெல்லுத் தூசும் சேர்ந்து அந்த வலையில் ஒரு கம்பளம் மாதிரிப் படியும், காற்று வராமல் உள்ளே ஐஸ் கட்டும், பிறகு தண்ணீர் சுவரால் வழியும், ‘வாயு குறைந்துவிட்டது’ என்று யாராவது காசு வாங்குவார்கள். வாயு தானாகக் குறையாது, குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, ஒழுக்கை அடைக்காமல் நிரப்ப விடாதீர்கள்.

மாமி சொல்கிற ஏர் கூலர் முழுக்கப் பிழை இல்லை. அது தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிராக்குவது, காற்று காய்ந்திருந்தால்தான் வேலை செய்யும். வைகாசியில் இருந்து புரட்டாதி வரைக்கும் மத்தியானத்தில் 35 பாகை, ஈரப்பதம் 50 வீதம் என்று இருக்கும்போது 29 பாகை அளவில் காற்று தரும், யன்னல் திறந்திருக்க வேண்டும். மாமி பகலில் விறாந்தையில் இருக்க நல்லதுதான். இரவில் 28 பாகையும் ஈரப்பதம் 85 வீதமும் இருக்கும்போது ஒன்றரைப் பாகை குறையும், பதிலுக்கு அறை முழுக்க ஈரம் நிற்கும். மூடிய அறையில் பிள்ளைகளோடு அதை வைக்க வேண்டாம். உங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர், கூலரின் பஞ்சில் வெள்ளையாகப் படிந்து சில மாதத்தில் இறுகிவிடும்.

சித்தப்பாவின் ஏசியில் வெளிப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஆர்-22 என்று இருந்தால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். ஓசோன் படையைக் கெடுக்கிற வாயு அது, மொன்றியல் உடன்படிக்கையின்படி எங்களைப் போன்ற நாடுகளில் 2030-க்குள் நிறுத்த வேண்டியது, நிரப்பக் கிடைப்பதும் வரவரக் கஷ்டம். அந்த மெஷினில் ஆர்-32 நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது ஆபத்து. தகட்டில் ஆர்-32 அல்லது ஆர்-410ஏ, இன்வேர்ட்டர், 12,000, ஐந்து வருடத்துக்குள் வாங்கியது என்று இருந்தால் மட்டும் யோசிக்கலாம். கழற்றும்போது வாயுவை வெளிப்பெட்டிக்குள் இழுத்துப் பூட்டத் தெரிந்த ஆளாகப் பிடிக்கச் சொல்லுங்கள், லொறியில் நிமிர்த்தி வைத்துத்தான் கொண்டுவர வேண்டும், பழைய குழாயை விட்டுவிட்டு இங்கே புதுக்குழாய் போடுங்கள். கழற்றுகூலி, லொறிக்கூலி, குழாய், பூட்டுகூலி எல்லாம் கூட்டிப் பார்த்துப் புதுசின் விலையில் பாதிக்கு மேல் வந்தால் புதுசையே எடுங்கள்.