சூடைக் குழம்பா, டப்பா மாத்திரையா?

கேள்வி: எனக்கு இது ஐந்தாவது மாதம். துபாயில் இருக்கும் கணவர், பிள்ளையின் மூளைக்கு நல்லது என்று ஒமேகா-3 மாத்திரை டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறார். மாமியோ, 'நாங்கள் சூடை மீன் தின்றே பிள்ளை பெற்றோம்' என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, கீழக்கரை

பதில்: உங்கள் மாமி சொல்வதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியை நான் சொல்கிறேன்.

சில கொழுப்புகளை நம் உடம்பால் தானே செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். அதில் ஒமேகா-6 நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் தாராளமாகக் கிடைக்கிறது. நம் வீடுகளில் குறைவது ஒமேகா-3. பிள்ளையின் மூளையும் விழித்திரையும் வளர அதில் டிஎச்ஏ என்ற வகை வேண்டும். அது மீனில் நேரடியாகவே இருக்கிறது.

எந்த மீன் என்பதுதான் பேச்சு. விருந்துக்கு வஞ்சிரம் வாங்கினால்தான் சத்து என்று நினைக்கிறோம். கூறு போட்டு விற்கிற சூடை, பேச்சாளை, நெத்திலி, கும்பளா இவையே நமக்குப் போதும். நான் மண்டபத்தில் வளர்ந்தவள். அம்மா சூடையை உப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவி, புளி கரைத்துக் குழம்பு வைப்பார். மறுநாள் காலையில் சட்டி ஓரத்தில் பொன்னிறமாக ஒரு வளையம் நிற்கும். தாளித்த எண்ணெயோடு மீனின் நெய்யும் சேர்ந்தது அது. அதை வழித்துப் பழைய சோற்றில் விடுவார். முப்பது வருடம் ஊட்டச்சத்து ஆலோசனை சொன்ன பிறகும் அந்த வளையத்தைத்தான் எல்லோருக்கும் காட்டிச் சொல்கிறேன்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். நெய் ஏறிய பருவத்தில் 100 கிராம் பேச்சாளையில் டிஎச்ஏவும், இபிஏ என்ற இன்னொரு ஒமேகா-3 வகையும் சேர்ந்து ஒரு கிராமைத் தாண்டும். வாரத்தில் இரண்டு நாள் சாப்பிட்டால் நாளுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடும், பெரியவர்களுக்கு அது போதும். ஆனால் குழம்பாக வையுங்கள். எண்ணெயில் முறுகப் பொரித்தால் மீன் நெய் குறையும், பொரித்த எண்ணெய் உள்ளே ஏறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகு போகாத 61 நாளிலும் நாட்டுப்படகில் சின்ன மீன் வரும், அதனால் சாக்குச் சொல்ல வேண்டாம். சுறா மட்டும் இப்போது வேண்டாம். பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும்.

சரி, மாத்திரை? மசக்கையில் மீன் வாடையே ஆகவில்லை என்றால் அது உதவும். டப்பாவின் முன்பக்கம் '1000 மி.கி.' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் மீன் எண்ணெயின் எடை. திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலும் இபிஏ 180, டிஎச்ஏ 120, மொத்தம் 300தான். கர்ப்பிணிக்கு டிஎச்ஏ மட்டுமே நாளுக்கு 200 வேண்டும். 'காட் லிவர்' (காட் மீனின் ஈரல் எண்ணெய்) என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் ஏ கூடினால் கருவுக்கு ஆகாது. உறை ஜெலட்டினால் ஆனது, எந்தப் பிராணியிலிருந்து எடுத்தது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் குத்தி முகர்ந்தும் பாருங்கள். என் அம்மாவுக்கு வாங்கிய டப்பா ஜன்னலோரம் வெயிலில் இருந்து காறிப்போனது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. 'நெஞ்சைக் கரிக்குது' என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை, அது இன்றும் உறுத்துகிறது. சிக்கு வாடை அடித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். நல்லதென்றால் உங்கள் டாக்டரிடம் டப்பாவையே காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். ஆளி விதை போதுமா? கடல்பாசியில் ஒமேகா-3 இருப்பதாகச் சொல்கிறார்களே?
- ஆசிரியர், ராமநாதபுரம்

பதில்: ஆளி விதை நல்லது, ஆனால் முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும். வறுத்துப் பொடித்து, இட்லிப் பொடி மாதிரி ஒரு மேசைக்கரண்டி எடுங்கள். ஒரு நாளுக்கான ஆல்ஃபா லினோலெனிக் என்ற செடிவகை ஒமேகா-3 அதில் வந்துவிடும். அதில் சிறு பங்கைத்தான் உடம்பு இபிஏ, டிஎச்ஏவாக மாற்றும் என்பதும் உண்மை.

பாசி விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. பாம்பன் பக்கம் நம் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலும், நோன்பு திறக்கச் செய்கிற கடல்பாசியிலும் கொழுப்பு மிகக் குறைவு. பாசி மாத்திரைக்கான எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியிலிருந்து வருகிறது. மீனுக்கும் டிஎச்ஏ அந்த நுண்பாசி வழியாகத்தான் கிடைக்கிறது. சைவர்கள் அந்த எண்ணெய் மாத்திரையை எடுக்கலாம்.

கேள்வி: இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறேன், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறேன். மீன் எண்ணெயை நாளுக்கு நாலு போடச் சொல்கிறார் நண்பர்.
- மீனவர், பாம்பன்

பதில்: அண்ணே, போடாதீர்கள். அதிக அளவு மீன் எண்ணெய் சிலருக்கு இதயத் துடிப்பையே தாறுமாறாக்கும் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது, உங்கள் மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவையும் கவனிக்க வேண்டும். இதய மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும், அவர் சொல்லும் அளவில். உங்கள் வலையில் வரும் கும்பளாவில் விற்றது போக நாலு மீன் உங்கள் வீட்டுக்கு வரட்டும், உப்பை மட்டும் குறைத்துக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள்.